மின்தூக்கியின் மீட்பு இயக்கம்

மின்சாரம் நின்று நடுவழியில் மாட்டிக்கொண்ட மின்தூக்கியைப் பேட்டரியின் துணையோடு பக்கத்துத் தளத்தில் சேர்த்துக் கதவைத் திறந்துவிடும் ஏற்பாடே மீட்பு இயக்கம். லிப்ட் தொழிலில் இதை ‘ஏஆர்டி’ என்பார்கள். அடுக்ககங்கள் மிகுந்த ராஜா அண்ணாமலைபுரம் போன்ற சென்னைப் பகுதிகளில், ஜெனரேட்டர் உள்ள கட்டடங்களுக்கும் இது வேண்டியிருக்கிறது. ஜெனரேட்டர் கிளம்பாத நாளும் உண்டு.

கரண்ட் போனால் லிப்ட் விழுந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நடப்பது வேறு. பிரேக்கைத் திறந்து பிடித்திருப்பதே மின்சாரம்தான். அது நின்றதும் சுருள்வில் பிரேக்கை இறுக்கிவிடுகிறது. ஆகவே வடிவமைப்பாளர் யோசிக்க வேண்டியது, இறுகிய பிரேக்கை ஆபத்தில்லாமல் விடுவிப்பதைப் பற்றி. கதவு சரியாக மூடாமலோ வேகக் கட்டுப்பாட்டுக் கவர்னர் செயல்பட்டோ லிப்ட் நின்றிருந்தால், மீட்பு இயக்கம் அதை அசைக்கவே கூடாது. பாதி வழியில் மின்சாரம் திரும்பினாலும், இரண்டு வழங்கல்களும் ஒரே நேரத்தில் மோட்டாரைத் தொடாதபடி இடைப்பூட்டு இருக்க வேண்டும்.

கூண்டின் எடையோடு கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியும் சேர்ந்ததே எதிர்எடை. ஒருவர் மட்டும் இருந்தால் கூண்டு மேலே போக முனையும். நிறைய ஆள் இருந்தால் கீழே இறங்க முனையும். சுமை இழுக்கும் திசையிலேயே போவது பேட்டரிக்குச் சுலபம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் லிப்ட்டில் இந்தக் கணக்கும் இல்லை. வால்வைத் திறந்தால் தன் எடையாலேயே இறங்கிவிடும்.

இந்தியத் தரநிலையில் ஆறு பேர் லிப்ட்டின் கொள்ளளவு 408 கிலோ. பாதியான 204 கிலோ வேறுபாட்டை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தூக்க, உராய்வு நீங்கலாக 2,000 வாட் தேவை. வேகத்தை 0.1 மீட்டராகக் குறைத்தால் 200 வாட்டே போதும். ஒரு தளத்தின் 3 மீட்டரைக் கடக்க 30 நொடி. இழப்புகளுக்காக மும்மடங்கு கூட்டினாலும் 5 வாட்-மணிதான். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றிலேயே 84 வாட்-மணி இருக்கிறது.

அளவு போதாமல் இந்தக் கருவி தோற்பது அரிது. பேட்டரி வெந்துபோய்த்தான் தோற்கிறது. மொட்டை மாடி இயந்திர அறையில் சென்னையின் மே மாத வெயிலிலும் சேர்த்து அது ஆண்டு முழுக்கச் சார்ஜ் ஏறியபடி கிடக்கிறது. ஈய-அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும். தரைத்தளத்துக் கார் நிறுத்தத்தில் வைத்த ஜெனரேட்டருக்கு வரும் கேடு வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதைப் பார்த்த ஊருக்கு இது புதிதல்ல. வெள்ளத்தில் நீர் புகுந்த லிப்ட் குழிக்குள் கூண்டு இறங்காமலிருக்க, குழியில் நீர் உணரி வைப்பது நல்லது.

மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துச் சோதிப்பது வழக்கம். காலி லிப்ட்டை எதிர்எடையே மேலே இழுத்துவிடுவதால் பேட்டரியின் பலவீனம் அதில் வெளிப்படாது. பாதிச் சுமை ஏற்றிச் சோதித்தால்தான் பேட்டரி தனியே வேலை செய்கிறதா என்பது தெரியும்.