கயிறு இழுத்தவர் எங்கே? ஓய்மா நாட்டுக் கரையில் சில பயணத் திட்டங்கள்

1

மத்தியதரைக் கடலோரத்தில் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துச் சுற்றி வருவது ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் விடுமுறைப் பழக்கங்களில் ஒன்று. கிரீஸ், குரோஷியா, துருக்கி என்று கரைகள் மாறினாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் படகு கைக்கு வரும்; அடுத்த சனிக்கிழமை காலையில் திருப்பித் தந்துவிட வேண்டும். நடுவில் உள்ள நாள்களுக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் போடுகிறார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது கடல்மைல், எந்தக் குடாவில் நங்கூரம், எந்த ஊரில் குடிதண்ணீர், கோடையில் ஏஜியன் கடலில் வடக்கேயிருந்து அடிக்கும் 'மெல்டெமி' காற்று வந்தால் எங்கே ஒதுங்குவது என்றெல்லாம் அதில் இருக்கும். மாலுமியோடும் எடுக்கலாம், மாலுமி இல்லாமலும் எடுக்கலாம். மாலுமி உண்டென்றால் அவருடைய கூலி, அவர் படுக்க ஓர் அறை, அவருடைய சாப்பாடு எல்லாம் கணக்கில் சேரும்.

இதில் நமக்கு என்னய்யா வேலை என்று கேட்கலாம். ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கரைகளில் வாடகைக்குப் போகும் இரட்டை உடல் படகுக்குப் பெயர் 'கேட்டமரான்'. கட்டுமரம் என்ற நம் சொல்தான் அது. கோரமண்டல் கரையில் தான் பார்த்ததாக வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் அந்தச் சொல்லை எழுதினார். நம்ம கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போய், திரும்பி வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவது அது. உல்லாசப் படகின் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் மட்டும் இங்கிருந்து போனது. உழைப்பின் சொல் ஓய்வின் சொல்லாக மாறியிருக்கிறது. சொல்லைச் சொன்னவர்கள் அந்தப் படகில் இல்லை.

பயணத் திட்டம் என்பதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். யாருக்காகப் போடப்படுகிறது, யார் பேசுகிறார், யார் கணக்கில் ஒரு வரியாக மட்டும் நிற்கிறார், யார் அந்த வரியாகக்கூட இல்லை என்று பார்க்கலாம். திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள கரைக்கு இப்படிச் சில பிரதிகள் உண்டு. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்க முயல்கிறேன்.

2

முதல் பிரதி சிறுபாணாற்றுப்படை. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது, 269 அடிகள். பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். நடையாக இருந்தாலும் வண்டியாக இருந்தாலும் அந்த வழியில் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம். வேலூர் என்பது உப்புவேலூர். ஆமூர் என்பது நல்லாமூர். கிடங்கில் என்பது திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். இப்படித்தான் ஆய்வாளர்கள் பலரும் அடையாளம் காட்டுகிறார்கள். கரையில் தொடங்கி உள்நாட்டுக்குப் போகும் பாதை இது.

எல்லாப் பயணத் திட்டத்திலும் உள்ளது இதிலும் உண்டு: ஊர், வழி, சாப்பாடு. எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த பழைய கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும். வேலூரில் எயினப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். கள் காய்ச்சும் அடுப்புக்கு அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்களே விறகு. அந்தக் கட்டைகள் படுத்துறங்கும் ஒட்டகங்கள் மாதிரி கிடந்தன என்கிறார் புலவர். ஒட்டகத்தை உவமையாகச் சொல்லக்கூடிய ஒரு கரை தூரதேசங்களைப் பார்த்த கரையாகத்தான் இருக்க வேண்டும். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழி நூல் இக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகே புதுச்சேரி, அரிக்கமேடு பகுதி என்பார்கள். சோபட்மாவை மரக்காணம் என்று கொள்வோர் உண்டு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அந்தக் கடலுக்கும் இந்தக் கரைக்கும் உறவு புதுசு இல்லை.

ஆனால் ஆற்றுப்படையில் பயணம் போகிறவன் யார்? பசித்த பாணன். வீட்டில் குட்டி போட்ட நாய் பால் இல்லாமல் கிடக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைத்து, வெளியார் கண்ணில் படாமல் இருக்கக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தாரோடு சாப்பிடுகிறாள். வழி சொல்கிறவனும் அந்தப் பசியிலிருந்து போய் வந்தவன்தான். திட்டம் போடுபவனும் போகிறவனும் ஒரே வர்க்கம், ஒரே தொழில்.

ஆற்றுப்படையை அப்பாவியாக வாசிக்கச் சொல்லவில்லை. வழியெல்லாம் சோறு கிடைக்கும் என்பதே தலைவனின் புகழுக்காகச் சொல்லப்படுவது. நுளைமகள் அந்த விறகை யாரோடு போட்டி போட்டுச் சுமந்தாள், எயினப் பெண் அந்தச் சோற்றில் தனக்கு எவ்வளவு வைத்துக்கொண்டாள் என்று பிரதி சொல்லாது. இருந்தாலும் ஒன்று மறுக்க முடியாதது. இந்தத் திட்டத்தில் வழியில் உள்ளவர்கள் விருந்து கொடுப்பவர்கள், கூலிக்குப் பரிமாறுகிறவர்கள் அல்ல. ஒவ்வொருவரும் தத்தம் திணையோடும் தொழிலோடும் அடையாளப்படுகிறார்கள்.

3

இரண்டாவது பிரதி ஒரு கால்வாய். அதையும் பிரதி என்றே சொல்வேன், ஏனென்றால் தரையில் எழுதப்பட்ட திட்டம் அது.

கிரேக்கக் கரை போல நம்முடையது மடிந்து மடிந்து குடாக்கள் உள்ள கரை அல்ல. நேராக ஓடும் மணற்கரை, ஓயாமல் உடையும் அலை, ஐப்பசி கார்த்திகையில் புயல். கப்பலை நிறுத்த ஒதுக்கிடம் இல்லை. சென்னையிலேயே துறைமுகம் கட்டும் வரைக்கும் ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் ஏற்றித்தான் அலை தாண்டினார்கள். இங்கே கரையோரப் பயணத்துக்கு உகந்த நீர் கடலில் இல்லை. கடலுக்குப் பின்னால் இருக்கும் கழியில் இருக்கிறது. அந்தக் கழிகளைக் கோத்துக் கட்டியதுதான் பக்கிங்காம் கால்வாய்.

1806இல் பேசில் கோக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டியதில் இது தொடங்கியது. 1837இல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே ஆந்திரக் கரைக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீட்டினார்கள். உப்பு, விறகு, தானியம், சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் இதில் போயின. பாய் கட்டியும், கோல் ஊன்றியும், கரையில் நடந்து கயிறு இழுத்தும் தோணிகளைச் செலுத்தினார்கள்.

இதில் ஒரு துண்டு மட்டும் தனிக் கவனத்துக்குரியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர். வடக்கு வாய்க்காலையும் தெற்கு வாய்க்காலையும் ஒன்றாக்கியது அதுதான். அது வெட்டப்பட்டது 1877-78இல், தாது வருஷத்துப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாக. மரக்காணத்து உப்புத் தோணி அடையாற்றோடு நின்றுவிடாமல் பட்டணத்துக்குள் நுழைந்தது என்றால் அது பட்டினி கிடந்தவர்கள் மண் சுமந்த வழியாகத்தான் நுழைந்தது.

அந்தத் திட்டத்தின் எண்களையும் பார்க்க வேண்டும். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார்: ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா காசு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண்வெட்டி பிடிக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் அளவு கூடியது. ஆற்றுப்படையிலும் சோறு உண்டு, இந்தத் திட்டத்திலும் சோறு உண்டு. அங்கே சோறு விருந்து. இங்கே உயிர் போகாமல் வேலை வாங்க எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்கிற கணக்கு. வாய்க்காலுக்கோ அந்தச் சமயம் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தது 1889இல். பாணனின் பசி அச்சேறியபோது தாது வருஷத்துப் பசிக்குப் பத்துப் பன்னிரண்டு வயசுதான். முதலாவது பசி செவ்வியல் ஆயிற்று. இரண்டாவது பசி அரசாங்க அறிக்கைக்குள்ளும் கிழவிகளின் பேச்சுக்குள்ளும் தங்கிவிட்டது.

4

மூன்றாவது பிரதி உல்லாசப் பயணம். 1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு நிலா வெளிச்சத்தில் இதே வாய்க்காலில் தோணியில் போனார். ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி என்று கூடப்போனவர்களின் பட்டியல் வரலாற்றில் பதிந்திருக்கிறது. 'மாவலிபுரச் செலவு' அந்தப் பயணத்தின் பாட்டு. நிலவு, நீர், தோழமை என்று நகரும் பாட்டில் கரையில் கயிறு பிடித்துத் தோணியை இழுப்பவனும் கோல் ஊன்றித் தள்ளுபவனும் கவிஞரின் கண்ணில் படுகிறார்கள். பட்ட பிறகு அந்த இன்பம் பழையபடி இருக்க முடியவில்லை.

செலவு என்றால் பழந்தமிழில் பயணம். இன்றைக்குக் காசு. அந்தத் தலைப்பை இரண்டு அர்த்தத்திலும் படிக்கலாம் என்று தோன்றுகிறது: யாருடைய செலவில் யார் செலவு போனது? சுயமரியாதை இயக்கத்துக்காரர்கள் என்பதால் அந்தப் பார்வை வாய்த்தது. ஆனாலும் பிரதியின் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். நண்பர்கள் அத்தனை பேருக்கும் பெயர் கிடைக்கிறது. கயிறு இழுத்தவன் பெயரில்லாமல் போகிறான். அவனைப் பார்க்கிறார்கள், அவன் பேசிக் கேட்க முடியவில்லை.

கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சம்பவம் துருக்கியில் நடந்தது. ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளர் ஒரு கதைக்காகத் தண்டிக்கப்பட்டு 1925இல் போத்ரும் என்ற கடலோர ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். பழைய ஊர்ப்பெயரைச் சேர்த்து 'ஹாலிகர்னாஸ் மீனவன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1940களில் அவரும் இலக்கிய நண்பர்களும் கடற்பஞ்சு எடுப்பவர்களின் படகுகளில் கரையோரமாகச் சுற்றினார்கள். அதை 'நீலப் பயணம்' என்றார்கள். அஸ்ரா எர்ஹாத் 1962இல் அதே பெயரில் ஒரு புத்தகம் எழுதினார். பின்னால் அந்தப் பெயர் சுற்றுலாத் தொழிலின் பெயரானது. கடற்பஞ்சுப் படகுகளின் சாயலில் உல்லாசப் படகுகள் கட்டினார்கள். இன்று ஒரு வாரத்துக்கு வாடகை போட்டு அங்கே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நாடு கடத்தப்பட்டவன் கண்டெடுத்த வழி என்று தெரியும்?

நம் தோணிப் பயணம் தொழிலாகவில்லை. அதற்கு நம் நல்ல மனசு காரணம் இல்லை. 1870களில் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் ரயில் வந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை போட்டார்கள். விழுப்புரம் ஜங்ஷனாகி வளர்ந்தது, மரக்காணம் மூலையானது. பிறகு லாரி. புயல்களும் வண்டலும் சாக்கடையும் மிச்சத்தை முடித்தன. வாய்க்கால் செத்ததோடு கயிறு இழுத்தவர்களும் வேறு கூலிக்குப் போனார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

5

இப்போது நான்காவது பிரதி எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. 2008இல் ஒரு மத்தியச் சட்டம் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள கால்வாய்களையும் கழுவெளி ஏரியையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. 2021 டிசம்பரில் அதே கழுவெளியைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு தாளில் கழுவெளி கப்பல் போகும் வழி, இன்னொரு தாளில் பறவை தங்கும் இடம். அங்கே வலை போட்டுப் பிழைப்பவருக்கு அது வயிறு. அவர் எந்தத் தாளில் எந்த வரியில் வருவார்?

நாளைக்கே இந்த வழியில் ஏழு நாள் உல்லாசப் பயணம் என்று யாராவது திட்டம் போடலாம். ஆலம்பரைக் கோட்டை இடிபாட்டில் ஓர் இரவு, மரக்காணத்தில் ஒன்று, கழுவெளியில் பறவை பார்க்க ஒன்று என்று எழுதுவது சுலபம். கடல் அடங்கும் தை, மாசியில் போகலாம் என்பார்கள். உப்பளத்தில் வேலை சூடு பிடிப்பதும் அந்த மழையில்லாத மாதங்களில்தான். வெயிலில் உப்பு வாருகிற பெண் படகிலிருந்து எடுக்கும் போட்டோவில் நன்றாக விழுவாள். திட்டத்தில் அவளுக்கு அதற்கு மேல் இடம் இருக்குமா என்பதே கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த 61 நாள் பாட்டுக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு இதில் வருமானம் உண்டா, அல்லது வாடகைக் கணக்கில் மாலுமியின் சாப்பாடு என்று ஒரு வரி மட்டும்தானா?

பயணமே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. ஓய்வு எல்லாருக்கும் உரியது, உப்பளத்துக்காரிக்கும் உரியது. நான் சொல்வது, திட்டம் யார் வாயிலிருந்து வருகிறது என்பது முக்கியம். ஆற்றுப்படையில் வழி சொன்னவன் அந்த வழியில் பசியோடு நடந்தவன். பஞ்சக் கால்வாயில் வழி வகுத்தவன் பவுண்டும் அணாவும் எண்ணியவன். நீர்வழித் திட்டம் போடுகிறவர்கள் முதலில் எயிற்பட்டினத்துக்காரரிடம் வழி கேட்கட்டும்.

அதற்கு முன்னால் நம்மால் ஆகக்கூடிய வேலை ஒன்று உண்டு. மரக்காணம், கடப்பாக்கம் பக்கத்துக் குப்பங்களிலும் காலனிகளிலும் வாய்க்காலில் தோணி ஓட்டியவர்கள், அவர்களோடு சின்ன வயசில் கரையில் நடந்தவர்கள் இன்னும் யாராவது இருந்தால் அவர்களிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு கூலி, ராத்திரி எங்கே படுத்தார்கள், கயிறு தோளில் எந்த இடத்தில் காய்ப்பு போட்டது, அவர்கள் பெயர் என்ன. நிலா வெளிச்சத்தில் யார் தோணியை இழுத்தோம் என்று அவர்களில் ஒருவர் சொல்லவும் கூடும்.