பத்தொன்பது அங்குலப் பெட்டி

கோவில்பட்டி வட்டாரத்தில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர்களின் வண்டியில் இப்போது இப்படி ஒரு பெட்டியைப் பார்க்கலாம். பிளைவுட்டில் செய்தது. விளிம்பெல்லாம் அலுமினியச் சட்டம், எட்டு மூலையிலும் இரும்புக் குமிழ். முன்னும் பின்னும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டால் உள்ளே டிஜிட்டல் மிக்சர், கார்ட்லெஸ் மைக்குகளின் ரிசீவர்கள், வைஃபை ரவுட்டர், கரண்டுக்கான பிளக் வரிசை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகி நிற்கும். மிக்சர் ஒரு தேசத்தில் செய்தது, ரிசீவர் இன்னொரு தேசத்தில் செய்தது. ஆனாலும் அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்றே: 19 அங்குலம். அந்த அளவை முடிவு செய்தவர்கள் பாட்டோடு சம்பந்தப்பட்டவர்கள் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர்கள்.

நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரைக்கும் 1914இல் தொலைபேசிக் கம்பி இழுத்து முடித்தார்கள். கம்பி நீள நீளப் பேச்சு தேய்ந்துகொண்டே போகும். தேய்ந்த குரலை வழியில் அங்கங்கே நிறுத்தித் தூக்கிவிட, வெற்றிடக் குழாய் வைத்த பெருக்கிகளைப் பொருத்தினார்கள். 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பேசினார். கண்டத்தின் அந்தக் கரையில் அவருடைய பழைய உதவியாளர் தாமஸ் வாட்சன் கேட்டார். அந்தக் காலத்துப் பெருக்கிகளுக்கு நிலையான இருப்பிடம் கிடையாது. ஒன்று அலமாரித் தட்டில் இருக்கும், இன்னொன்று மரப்பெட்டியில் கிடக்கும். தொலைதூரப் பேச்சு பெருகப் பெருக நிலையங்களில் இடம் போதவில்லை. ஏ.டி. அண்டு டி. என்ற அந்தத் தொலைபேசிக் கம்பெனியின் பொறியாளர்கள் 1922 வாக்கில் உட்கார்ந்து ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார்கள். இரண்டு இரும்புச் சட்டங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் நட்டுவைப்பது. எந்தக் கருவியாக இருந்தாலும் அதன் முகப்புப் பலகை அந்தச் சட்டங்களில் திருகி நிற்பது. பலகையின் உயரம் ஒன்றே முக்கால் அங்குலமாகவோ (இன்று ‘யூனிட்’ என்பது இதைத்தான்) அதன் மடங்காகவோ இருப்பது. 1930களின் நடுவில் இது ஊன்றிய அளவாகிவிட்டது. வானொலி நிலையம், ஒலிப்பதிவுக் கூடம், ராணுவக் கருவி, கடைசியில் கம்ப்யூட்டர் சர்வர் என்று போன இடமெல்லாம் அதே அகலம்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சட்டம் மனிதக் குரலைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் பெருக்கிகளுக்காகப் பிறந்தது. இன்றைக்குக் கழுகுமலை அடிவாரத்தில் ஒரு பாடகியின் குரலைக் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகும் கருவியும் அதே சட்டத்தில்தான் திருகி நிற்கிறது. இடையில் எத்தனையோ கருவிகள் அதில் ஏறி இறங்கியிருக்கலாம். பிறந்த வேலை மாறவில்லை.

சட்டத்தைச் சுற்றிப் பெட்டி வந்தது பிறகு. மேல்நாட்டு ராக் குழுக்கள் விமானத்தில் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தபோது கருவிகள் சரக்கறையில் அடிபட்டன. அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கம் சரக்குப் பெட்டிகளுக்கு 300 என்ற எண்ணில் ஒரு விதி வைத்திருந்தது. அதில் முதல் தரத்துப் பெட்டி குறைந்தது 100 பயணங்களையாவது தாங்க வேண்டும். பிளைவுட், அலுமினிய விளிம்பு, குமிழ் மூலை, பள்ளத்துக்குள் அடங்கிய கைப்பிடி, பட்டாம்பூச்சிச் சிறகு போல மடங்கும் கொண்டி ஆகியவை சேர்ந்த வடிவம் அந்தத் தேவையில் உருப்பெற்றது. விமானத்தில் ஏற்றுபவர் பெட்டியைத் தலைகீழாகப் போடுவார் என்று எதிர்பார்த்தே செய்த வடிவம் அது.

மிக்சர் மட்டும் வெகுகாலம் இந்தப் பெட்டிக்குள் அடங்கவில்லை. 24 சேனல் மிக்சர் என்றால் ஒரு கட்டிலின் அகலம் இருக்கும். எக்கோ, ஈக்வலைசர் எல்லாம் தனிப்பெட்டி. யமஹா 1987இல் டிஎம்பி7 என்ற டிஜிட்டல் மிக்சரையும், 1994இல் கைக்கு எட்டுகிற விலைக்கு நெருங்கிய புரோமிக்ஸ் 01-ஐயும் கொண்டுவந்தது. ஊர்க் குழுக்கள் வாங்கும்படியான மாற்றம் நடந்தது 2012இல், பெரிங்கர் எக்ஸ்32 வந்தபோது. அதே மிக்சரின், சட்டத்தில் திருகும் ‘ரேக்’ மாடலில் தள்ளும் பொத்தான் வரிசையே இல்லை. உயரம் 3 யூனிட், அதாவது ஐந்தே கால் அங்குலம். பின்பக்கம் 16 மைக் ஊசித்துளைகள். இயக்குவது டேப்லெட்டில். கட்டில் அகலத்துச் சாமான் ஒரு சாண் உயரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

இது வருவதற்கு முன் கச்சேரிக்கு முந்தைய சாயங்காலம் எப்படிக் கழியும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். மேடைக்கு முன்னால், கூட்டத்தின் நடுவில் மிக்சருக்கு ஒரு மேசை. அங்கிருந்து மேடைக்கு 100 அடி நீளத்துக்கு மல்டிகோர் கேபிள். அதன்மேல் பிள்ளைகள் ஓடும், மாட்டுவண்டி ஏறும், சப்பரம் போகும். ஒரு முனையில் ஒருவர் நின்று ‘மூணு’ என்று கத்த, மறுமுனையில் இன்னொருவர் மூன்றாம் ஒயரைத் தேடுவார். பொழுது சாய்ந்தபின் டார்ச் வெளிச்சத்தில் பாதி வேலை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு. ஒயரிங்கில் போன ஒரு மணி நேரம் பாட்டிலிருந்து போன ஒரு மணி நேரம். ஊர்க்காரர் வரி போட்டுச் சேர்த்த பணத்தில் வந்த பாட்டு அது.

ரேக் பெட்டி காப்பாற்றுவது அந்த ஒரு மணி நேரத்தை. ரிசீவரிலிருந்து மிக்சருக்குப் போகும் ஒயர், மிக்சரிலிருந்து மானிட்டருக்குப் போகும் ஒயர், கரண்டு ஒயர் எல்லாவற்றையும் வீட்டில், பகலில், நிதானமாக ஒருமுறை போட்டுக் கட்டி வைத்தாகிவிட்டது. ஊரில் போய் மூடியைத் திறந்து, கரண்டு கொடுத்து, மைக் ஒயர்களைச் சொருகினால் போதும். மிக்சர் மேடை ஓரத்திலேயே இருப்பதால் 100 அடிக் கேபிளும் வேண்டாம். மிக்சரைக் கூட்டத்து நடுவில் வைத்தே தீர வேண்டும் என்கிறவர்கள்கூட மேடையில் மைக் ஒயர்களைச் சொருக ஒரு ஸ்டேஜ் பாக்ஸ் வைத்து, நெட்வொர்க் கேபிள் ஒன்றை மட்டும் இழுத்துவிடலாம்.

வடிவம் வெளியிலிருந்து வந்தது சரி. ஆனால் இந்த மண்ணில் அதற்கு எதிரி சரக்கறை இல்லை. அதனால் பெட்டி இங்கே இன்னொரு முறை பிறக்க வேண்டியிருந்தது.

முதல் எதிரி கரிசல் தூசி. பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலத்தில் கூட்டம் நடந்தால் எழும் தூசி மாவு போல் நைசானது; மூக்கில் ஏறுகிற தூசி மிக்சருக்குள்ளும் ஏறும். விசிறி உள்ள கருவி காற்றை இழுக்கும்போது அதையும் சேர்த்து இழுக்கிறது. தூசிக்குப் பயந்து பின்மூடியைச் சாத்தி வைத்தால் சூடேறிக் கருவி நின்றுவிடும். ஆகவே பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். திறந்த வாயில் கழற்றிக் கழுவக்கூடிய மெல்லிய ஸ்பான்ஜ் வலைச் சட்டம் வேண்டும். கருவிகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் வெற்றுப் பலகை போட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடான காற்று முன்பக்கம் சுற்றி மறுபடி உள்ளேயே போகும்.

அடுத்தது கரண்டு. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். திருவிழாப் பந்தலுக்கு மூன்று பேஸ் இணைப்பு இழுத்து, சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் வேறுவேறு பேஸில் தொங்கும். எங்கோ ஒரு முறுக்கில் நியூட்ரல் விட்டுவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடும். நொடியில் மிக்சர், ரிசீவர், கீபோர்டு எல்லாம் போய்விடும். எனவே பெட்டிக்குள் நுழையும் கரண்டு முதலில் ஒரு வோல்டேஜ் கட்-ஆஃப் கருவிக்குள் போய்த்தான் வர வேண்டும். அதில் முள்ளோ எண்ணோ தெரியும்படி மீட்டர் இருக்க வேண்டும். மீட்டரைப் பார்க்காமல் ஸ்விட்சைத் தொடக்கூடாது என்பதைக் குழுவின் சின்னப் பையனுக்கும் பழக்கிவிட வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு யுபிஎஸ். கரண்டு போய் ஜெனரேட்டர் உறுமி எழுவதற்குள் டிஜிட்டல் மிக்சர் அணைந்து மறுபடி கண்விழிப்பதென்றால் பாட்டு நடுவில் அறுந்துவிடும்.

எர்த் இதோடு சேர்ந்தது. ஈரம் இருக்கும்வரை கரிசல் நல்ல எர்த். களிமண் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் அதே மண் சுருங்கி வெடித்துக் கம்பியைச் சுற்றி விலகி நின்றுவிடும். ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சல் கேட்டதும் மிக்சரைக் குறை சொல்வதற்கு முன்னால், எர்த் கம்பி அடித்த இடத்தில் இரண்டு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அர்த்தமுள்ள வழக்கம். எர்த் சரியில்லாத இடத்தில் பாடகர் உதட்டை மைக்கில் வைக்கிறார் என்பதை நினைத்தால் அந்த இரண்டு குடம் தண்ணீரின் அருமை விளங்கும்.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம். படத்தில் பார்க்கும் பெட்டிகளில் நாலு சக்கரம் அழகாக இருக்கும். கல்யாண மண்டபத்துக் கிரானைட் தரையில் உதவும். உழவுக் காட்டை ஒட்டிப் போட்ட மேடைக்குப் போக வழியில் கோடை மழை பெய்திருந்தால் சக்கரத்தில் ஒரு படி மண் அப்பிக்கொண்டு உருள மறுக்கும். இந்தப் பக்கத்துக்கு அகலக் கைப்பிடியும், இரண்டு பேர் தூக்கும் கனமும்தான் சரி. அதனால்தான் பவர் ஆம்ப்ளிஃபயரை இதே பெட்டியில் சேர்க்க வேண்டாம் என்கிறேன், அதற்குத் தனிப்பெட்டி. மிக்சர் 3 யூனிட், ரிசீவர்கள் 2, கரண்டு வரிசை 1, டேப்லெட்டும் ஒயரும் வைக்கும் டிராயர் 2 என்று 8 யூனிட்டில் முடித்துக்கொண்டால் உள்ளுயரம் 14 அங்குலம். டாடா ஏஸ் வண்டியில் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும்.

வைஃபை ரவுட்டரை உள்ளே திருகி வைப்பவர்கள் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் செல்போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மொய்க்கும்போது டேப்லெட் பாதியில் கைவிட்டுவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரை வெளியே எடுத்து, பந்தக்காலில் ஆள் உயரத்துக்கு மேல் கட்டிவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீரும். தலைகள் அலையைக் குடிக்கும். தலைக்கு மேல் தடையில்லை.

டிஜிட்டல் மிக்சரின் பெரிய வரம், அமைப்பை ‘சீன்’ என்று சேமித்து வைப்பது. இன்றைக்கு மெல்லிசை, நாளைக்கு அதே பெட்டியை வில்லுப்பாட்டுக்கு வாடகைக்குக் கேட்பார்கள். கீபோர்டும் ரிதம் பேடும் இருந்த சேனல்களில் இப்போது வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, ஆர்மோனியம், அண்ணாவி, பின்பாட்டு. குடத்துக்கு மைக் வைப்பது லேசான காரியமில்லை. குடத்தின் வாயில் பத்தை என்ற மட்டையால் அடிக்கும்போது வரும் அடிச்சத்தம் ஒரு மாதிரி, வயிற்றில் தட்டும்போது வரும் கணீர் ஒரு மாதிரி. இரண்டும் ஒரே மைக்கில் வர வேண்டுமானால் வாய்க்கு நேரே வைக்காமல் சற்று விலக்கி, சாய்த்து வைத்து, கீழ்ச்சுருதி இரைச்சலைக் குறைக்க வேண்டும். ஒரு நல்ல நாளில் அதைக் கண்டுபிடித்துச் சேமித்துவிட்டால் அடுத்த ஊரில் தொடக்கப் புள்ளி கையில் இருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் போல, திறந்த வெளியை வாயாலேயே நிரப்பும் வாத்தியத்துக்கு இதெல்லாம் வேண்டாம். குடத்துக்கும் குரலுக்கும் வேண்டும்.

பெட்டியைச் செய்வதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆள் அனுப்ப வேண்டியதில்லை. திருகுச் சட்டம், கொண்டி, மூலை மட்டும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். மரவேலை உள்ளூர் ஆசாரியின் கைக்குள் அடங்கும். நான் பார்த்த ஒரு பட்டறையில் ஆசாரி, மில்லிமீட்டரில் எழுதிய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். திருகுச் சட்டத்தைக் கையில் எடுத்து டேப்பைப் பிடித்தார். ஓட்டைக்கு ஓட்டை அளந்தார்.

“அஞ்சு நூலு, அஞ்சு நூலு, நாலு நூலு. கூட்டினா ஒண்ணே முக்கால். இதுக்கு எதுக்கு அண்ணாச்சி மில்லிமீட்டர்?”

அவர் சொன்னது சரிதான். தொலைபேசிக் கம்பெனி வைத்தது அங்குலக் கணக்கு. அங்குலத்தை எட்டு நூலாகப் பகுக்கிற நம் தச்சுக்கணக்கில் அது அப்படியே விழுகிறது. செய்ய நினைக்கிறவர்கள் இந்த அளவுகளை ஆசாரியிடம் கொடுக்கலாம்: கருவியின் முகப்பு 19 அங்குலம், ஆகவே மரத்தின் உள் அகலம் 19 அங்குலம் ஒன்றரை நூலாவது இருக்கட்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே திறப்பு 17 அங்குலம் 6 நூல். இடது ஓட்டையின் மையத்திலிருந்து வலது ஓட்டையின் மையத்துக்கு 18 அங்குலம் இரண்டரை நூல். சட்டத்தைத் திருகும்போது யூனிட்டின் எல்லை நாலு நூல் இடைவெளியின் நடுவில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அஞ்சு நூல் இடைவெளியில் தொடங்கிவிட்டால் ஒரு கருவியும் உட்காராது. பிளைவுட் 12 மில்லிமீட்டர் கனத்தில் போதும். அடுக்குகளுக்கு நடுவே பொந்து இல்லாத மரைன் ரகமாக இருக்கட்டும். திருகியபின் மிக்சரைப் பொருத்தி, பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.