நீள்தூரத் துப்பாக்கி வாங்க ஆசையா? விலையைப் பார்க்கும் முன் உரிமத்தைப் பாருங்கள்

"குறைந்த விலையில் நல்ல ரைபிள் எது? ஸ்கோப் மாட்டினால் 200 மீட்டர் தள்ளி இருப்பதை அடிக்க முடியுமா?"

கோத்தா கோலா மூடா, சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய் பக்கத்து இளைஞர்களிடம் பேசினால் இந்தக் கேள்வி வருகிறது. அவர்கள் பார்ப்பது அமெரிக்கக் காணொளிகளை. அங்கே துப்பாக்கி கடைச் சாமான். இங்கே அப்படியில்லை.

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் வழங்கிய உரிமமோ அனுமதியோ இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்: காற்றுத் துப்பாக்கியையும் இந்தச் சட்டம் ஆயுதமாகவே கணக்கிடுகிறது. முழுத் துப்பாக்கி வேண்டும் என்பதுகூட இல்லை. அதன் பாகங்களும், சத்தத்தைக் குறைக்கும் குழாயும் இதற்குள் வரும். இணையத்தில் ஒவ்வொரு பாகமாக வரவழைத்து வீட்டில் பூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்டனை 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுத (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் போனால் 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 6 பிரம்படியும். பார்ப்பதற்கு அசல் போலிருக்கும் போலித் துப்பாக்கிக்கும் ஆயுதச் சட்டத்தில் 36-ஆம் பிரிவு இருக்கிறது. ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம். தம்பிக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கியது என்ற விளக்கமெல்லாம் நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

காட்டுப் பன்றிக்கு என்ன செய்வது?

கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு விளையாட்டு நோக்கம் இல்லை. மரவள்ளியையும் செம்பனைக் கன்றுகளையும் இரவோடு இரவாகப் பன்றி கிளறிவிட்டுப் போகிறது. சங்க காலத்தில் தினைப்புனத்துக்குக் காவல் இருந்தவர்கள் பரணும் கவணும் வைத்திருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கையில் லாஸ்டிக் இருந்தது. பன்றிக்கு இரண்டும் போதாது, உண்மைதான்.

அதற்கும் ரைபிள் விடையாகாது. நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'செனாப்பாங் பாத்தா' எனும் இரட்டைக்குழல் அல்லது ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கி உரிமம். காரணம் எளிது. ரைபிள்களில் சிறிய ரகமான .22 தோட்டாகூட எதிலும் படாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். கோத்தா கோலா மூடா பக்கம் நிலம் சமதளம்; தவறிய தோட்டாவை வாங்கிக்கொள்ள மண்மேடு கிடையாது. அந்தப் பக்கம் விடியற்காலையில் யாராவது பால் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

உரிமம் ஒருவருடைய பெயருக்கு மட்டும். மச்சானிடம் ஓர் இரவு கொடுத்து வாங்குவது குற்றம். அப்பா காலமானால் நிலம் மகனுக்கு இறங்கலாம், துப்பாக்கி உரிமம் இறங்காது. உடனே போலீஸ் நிலையத்தில் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். பன்றி வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தனி. கையில் துப்பாக்கி உரிமம் இருப்பதால் அதுவும் இருப்பதாக ஆகிவிடாது.

குறி பார்க்கத்தான் ஆசை என்றால்

அதற்கு நேர்வழி துப்பாக்கிச் சுடும் கழகம். 1998-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியின் துப்பாக்கிச் சுடும் அங்கம் நம் கெடாவில், லங்காவியில்தான் நடந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நூர் சுர்யானி வயிற்றில் 8 மாதக் குழந்தையோடு 10 மீட்டர் ரைபிள் பிரிவில் மலேசியாவுக்காக நின்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே பிரிவில் 2019-இல் ரியோ உலகக் கிண்ணத் தங்கத்தை வென்று, தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவுக்காகச் சுட்டார். (வாலறிவன் என்ற சொல்லைத் திருக்குறளின் முதல் அதிகாரத்தில் படித்திருப்பீர்கள்.)

10 மீட்டர்தானே என்று இளக்காரம் வேண்டாம். நடுவிலுள்ள பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். நின்றபடி 60 முறை சுட வேண்டும். இங்கே கை நடுங்குகிறவர் 300 மீட்டரில் என்ன ஸ்கோப் வைத்தும் பயனில்லை.

செலவு என்று பார்த்தால், முதல் ஆண்டில் துப்பாக்கி வாங்கும் பேச்சே வேண்டாம். கழகத்தின் துப்பாக்கியில் பழகுங்கள். போட்டிக்குரிய உயர் ரகம் 10,000 ரிங்கிட்டைத் தாண்டும். பழையது வாங்கும் நாள் வந்தால், கட்டையின் பளபளப்பை விட்டுவிட்டு, காற்று உருளையில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். தேதி முடிந்த உருளை ஆபத்து. போட்டியிலும் ஏற்க மாட்டார்கள்.

உடம்புக்கு ஏற்றபடி பொருத்துவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். பார்வை குறிகாட்டித் துளையின் நடுவே நேராகப் போக வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைத் தாழ்த்தியோ தேட வேண்டியிருந்தால் கன்னக்கட்டையின் உயரத்தையும் பின்கட்டையின் நீளத்தையும் மாற்றுங்கள். பிறகுதான் குறிகாட்டி. ஒரு குண்டை வைத்து முடிவு செய்யாமல், ஐந்து குண்டு சுட்டு அவை சேர்ந்து விழும் இடத்தைப் பாருங்கள். கூட்டம் இடப்பக்கம் விழுந்தால் பின்குறிகாட்டியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும்; குண்டு போக வேண்டிய திசைக்கே அதுவும் போகும். ஐந்தும் சிதறி விழுந்தால் குறிகாட்டியைத் தொடாதீர்கள். பிழை நிற்கும் நிலையில் இருக்கும், அல்லது குண்டில். ஒரே துப்பாக்கிக்கு ஒரு ரக ஈயக்குண்டு சேரும், இன்னொன்று சேராது. நான்கைந்து ரகங்களைச் சோதித்து, சேர்வதை ஒரே பெட்டித் தொகுப்பில் வாங்கி வைப்பார்கள் அனுபவசாலிகள்.

ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உரிமத்தோடு நீள்தூரம் சுடும் உறவினர் உங்களுக்கு இருக்கலாம். அவர்களுக்கும் கணக்கு இதேதான். வழக்கமான ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு 100 மீட்டரில் குண்டை ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகர்த்தும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு இணைக்கும் வளையம் மலிவாக இருந்து தளர்ந்தால் அந்த நுணுக்கம் வீண். துப்பாக்கியில் மிச்சம் பிடித்து, ஸ்கோப்புக்கும் வளையத்துக்கும் தோட்டாவுக்கும் செலவிடுவதே புத்தி.

கோலமூடா மாவட்டத்தவர்கள் உரிமம் பற்றிக் கேட்க வேண்டிய இடம் சுங்கைப்பட்டாணியிலுள்ள மாவட்டப் போலீஸ் தலைமையகம். அடையாள அட்டையையும், நிலத்துக்காக என்றால் நிலப் பத்திரத்தையும், விளையாட்டுக்காக என்றால் கழக உறுப்பியத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இணையக் கடையில் ஏற்கெனவே ஏதாவது பதிவு செய்திருந்தால், பார்சல் புறப்படும் முன் ரத்து செய்துவிட்டுப் போங்கள்.