ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையர்: எத்தனை வாட் தேவை?

சம்பளத்தில் சேர்த்து வைத்து நல்ல ஸ்பீக்கர் வாங்கியாச்சு. வீட்டில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வால்யூமை ஏற்றினால், ட்ரம்ஸ் வரும் இடத்தில் சத்தம் கரகரக்கிறது. பழி ஸ்பீக்கர் மேல் விழுகிறது. பல நேரம் தவறு ஆம்ப்பில்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சென்சிடிவிட்டி என்றால் என்ன?

8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தொலைவில் எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்லும் எண் இது. கேஇஎஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கருக்கு இது 85 டெசிபல். க்ளிப்ஷ் நிறுவனம் தன் பெரிய க்ளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கருக்குச் சொல்வது 105 டெசிபல்.

வித்தியாசம் 20தானே என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் 10 மடங்கு மின்சக்தி தேவை. அதாவது, க்ளிப்ஷ்ஹார்ன் 1 வாட்டில் தரும் சத்தத்துக்கு எல்எஸ்50 மெட்டா 100 வாட் கேட்கும்.

அப்படியென்றால் எத்தனை வாட் போதும்?

85 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டை வைத்து, 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1 வாட் கொடுத்தால் உங்கள் காதுக்குச் சுமார் 80 டெசிபல் வரும். சாதாரணமாகக் கேட்க அதுவே தாராளம்.

ஆனால் பாட்டு ஒரே சீராகப் போவதில்லை. ஒரு ட்ரம்ஸ் அடி சராசரியைவிட 15 டெசிபல் மேலே எகிறினால், அந்த நொடிக்குச் சுமார் 32 வாட் வேண்டும். 20 டெசிபல் எகிறினால் 100 வாட். எல்எஸ்50 மெட்டாவுக்கு 40 முதல் 100 வாட் வரை அந்த நிறுவனம் பரிந்துரைப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இன்னொரு விஷயம்: 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடாது. 80 வாட்டா, 100 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

'8 ஓம்' என்பதை நம்பலாமா?

அது ஒரு பெயரளவு எண்தான். எல்எஸ்50 மெட்டாவும் 8 ஓம் ஸ்பீக்கர்தான். ஆனால் அதிர்வெண் மாறும்போது அது 3.5 ஓம் வரை இறங்கும். ஓம் பாதியானால், அதே வோல்டேஜில் ஆம்ப் இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும். பவர் சப்ளை பலவீனமான ஆம்ப் இங்கேதான் திணறும், சூடாகும், சில நேரம் தானாக அணைந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. 8 ஓமில் 60 வாட் தரும் ஆம்ப், 4 ஓமில் 100 வாட்டுக்கு மேல் தந்தால் நல்ல அறிகுறி. 4 ஓம் கணக்கையே சொல்லாவிட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் உண்மையா?

ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் என்று போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது விளம்பர எண். சில ஏ.வி. ரிசீவர்களில் '150 வாட்' என்று பெரிதாகவும், '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல், 10% டிஸ்டார்ஷன்' என்று பொடி எழுத்திலும் இருக்கும். நீங்கள் தேட வேண்டியது இதுதான்: இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது, 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, குறைந்த டிஸ்டார்ஷனில் தொடர்ச்சியாக எத்தனை வாட்.

சின்ன ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்புதானே?

அப்படிச் சொல்ல முடியாது. சக்தி தீர்ந்துபோன ஆம்ப், ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். இதுதான் கிளிப்பிங். அந்த நிலையிலேயே தொடர்ந்து ஓட்டினால், மெல்லிய கம்பிச்சுருள் கொண்ட ட்வீட்டருக்கு அளவுக்கு மீறிய சக்தி போய், அது கருகலாம். பெரிய ஆம்ப்பிலும் அளவு மீறினால் ஆபத்துதான். எந்த ஆம்ப்பாக இருந்தாலும் கரகரப்பு கேட்டவுடன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

* ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, குறைந்தபட்ச ஓம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.
* உட்காரும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 10க்கு 12 அடி அறைக்கும் பெரிய ஹாலுக்கும் தேவை வேறு.
* கடையில் உங்கள் ஸ்பீக்கர் மாடலோடு இணைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக சத்தத்தில் கேளுங்கள்.
* டிவி யூனிட்டின் மூடிய அறைக்குள் ஆம்ப்பைத் திணிக்காதீர்கள். காற்றோட்டம் முக்கியம்.

அபார்ட்மென்ட்டில் மெதுவாகத்தான் கேட்பீர்கள் என்றால், 4 ஓமில் திணறாத 50 வாட் ஆம்ப் பெரும்பாலும் போதும். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம்.