பார்மகாலஜி படிக்க எந்த வாசல்? சங்ககிரி பகுதிப் பெற்றோர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "நீட் எழுதவில்லை, ஆனால் நல்ல மதிப்பெண் இருக்கிறது, மருத்துவத் துறையில் என்ன படிக்கலாம்?" சங்ககிரி, திருச்செங்கோடு, குமாரபாளையம் பகுதியில் இதற்குச் சட்டென்று வரும் பதில் 'பார்மசி'. பக்கத்திலேயே கல்லூரிகள் இருப்பதுதான் காரணம். சங்ககிரியை ஒட்டிய வீராச்சிபாளையத்தில் பெண்களுக்கான விவேகானந்தா மருந்தியல் கல்லூரி இருக்கிறது. எளையாம்பாளையத்தில் சுவாமி விவேகானந்தா மருந்தியல் கல்லூரி, குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா மருந்தியல் கல்லூரி, சேலத்தில் விநாயகா மிஷன்ஸ் மருந்தியல் கல்லூரி என மற்றவையும் எட்டும் தூரத்தில் உள்ளன.

சில பிள்ளைகள் 'பார்மசி' என்று சொல்வதில்லை. 'பார்மகாலஜி படிக்க வேண்டும்' என்கிறார்கள். தமிழில் இரண்டையுமே 'மருந்தியல்' என்று எழுதுவதால் பெற்றோர்கள் குழம்பிவிடுகிறார்கள். முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

இரண்டும் ஒன்றல்ல

மருந்தைத் தயாரிப்பது, பாதுகாப்பது, நோயாளிக்குச் சரியாக வழங்குவது ஆகிய அனைத்தும் சேர்ந்த துறை பார்மசி. மருந்து உடலுக்குள் போன பிறகு என்ன செய்கிறது, உடல் அந்த மருந்தை என்ன செய்கிறது என்று ஆராய்வது பார்மகாலஜி. மருந்து எப்படி உறிஞ்சப்படுகிறது, எங்கெல்லாம் பரவுகிறது, கல்லீரலில் எப்படி மாறுகிறது, எப்படி வெளியேறுகிறது என்ற நான்கு கேள்விகள் அதன் அடிப்படை.

ரமளானில் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றையே உதாரணமாகப் பார்க்கலாம். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையை ஒரு நாளைக்கு ஒருமுறை போட்டால் போதும். அமாக்சிசிலின் மாத்திரையைப் பெரும்பாலும் மூன்று வேளை போடச் சொல்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு? இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது. அமாக்சிசிலினுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. இதை அரை ஆயுட்காலம் என்பார்கள். நீரிழிவுக்கான கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு நாள் முழுதும் உண்ணாமல் இருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். நோன்பாளி மாத்திரை நேரத்தைத் தானாக மாற்றாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது இதனால்தான். இந்த 'ஏன்'களுக்கு விடை தேடும் பாடமே பார்மகாலஜி.

இத்துறை நமக்குப் புதிதும் அல்ல. இப்னு சீனா (மறைவு 1037) தம் மருத்துவ நூலான 'அல்கானூன்' இரண்டாம் பாகத்தை முழுக்கத் தனி மருந்துகளுக்கே ஒதுக்கி, மருந்தைச் சோதித்தறியும் விதிகளையும் வகுத்தார். மலாகாவில் பிறந்து 1248-இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், சுமார் 1,400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்தார்.

படிப்புப் பாதைகள்

பார்மகாலஜிக்குப் போக, பிளஸ் டூ முடித்தவர்கள் முதலில் இவற்றில் ஒரு வாசல் வழியே நுழைய வேண்டும்:

டி.பார்ம்: 2 ஆண்டு வகுப்பு, அதன்பின் 500 மணி நேர நேரடிப் பயிற்சி. முடித்தவர் நடப்பு விதிகளுக்கு உட்பட்டு மருந்தாளுநராகப் பதிவு செய்யலாம், பி.பார்ம் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம்.

பி.பார்ம்: 4 ஆண்டு, 8 பருவங்கள். 4, 5, 6-ஆம் பருவங்களில் பார்மகாலஜி பாடமாக வருகிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும். நீட் தேவையில்லை. விலங்குகளை வைத்துச் செய்யும் சோதனைகளைப் பெரும்பாலும் கணினி மென்பொருளிலும் வீடியோவிலும் காட்டுவதே இன்றைய பாடத்திட்டம். ஆகவே அதற்காகப் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை.

பார்ம்.டி: 6 ஆண்டு. இதில் கடைசி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. இந்தியாவில் 2008-இல் தொடங்கியது. நோயாளிகளுடன் நேரடியாகப் பணியாற்ற விரும்புவோருக்கு ஏற்றது.

எம்.பார்ம் (பார்மகாலஜி): பி.பார்முக்குப் பின் 2 ஆண்டு. பார்மகாலஜியைச் சிறப்புப் பாடமாகப் படிப்பது இங்கேதான். ஜிபேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. விதிகளுக்கு உட்பட்டுச் சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் 3 ஆண்டு எம்.டி. பார்மகாலஜி படிக்கலாம். கால்நடை மருந்தியல் என்ற கிளையும் உண்டு. கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதற்குத் தனித் துறை இருக்கிறது. கோழித் தீவனத்தில் கலந்து வந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குத் தரக் கூடாது என்று மத்திய அரசு 2019-இல் தடை செய்தது. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கை கொடுக்கும் மருந்து பலனற்றுப் போய்விடக் கூடாது என்பதே காரணம்.

சேர்வதற்கு முன்

கல்லூரிக்கும் குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கும் இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பையோ, 'மெடிக்கல் ஷாப் பயிற்சி' என்ற பெயரில் நடக்கும் குறுகிய காலப் படிப்பையோ முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் பி.பார்ம் அரசு இடங்கள் உண்டு, கட்டணமும் குறைவு. அவற்றுக்கு விண்ணப்பிக்காமல் தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிவிடாதீர்கள். தனியார் கல்லூரியானால் மொத்தக் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

பி.சி.எம். சாதிச் சான்றிதழைப் பிள்ளை பிளஸ் டூவில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவையுங்கள். 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றும் தேவைப்படும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

படித்த பின்

அரசு மருத்துவமனை மருந்தாளுநர், டி.என்.பி.எஸ்.சி. வழியே மருந்து ஆய்வாளர், மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடம், கல்லூரி ஆசிரியர் எனப் பணிகள் உண்டு. மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் துறையும் வளர்ந்து வருகிறது. இதற்கான தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கியது.

ஒரு வருமானத்தை மட்டும் நம் பிள்ளைகள் தொடவே கூடாது. அதுதான் சான்றிதழ் வாடகை. சில மருந்துக் கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்கும். அவரோ வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். 'சும்மா கிடக்கிற சான்றிதழ்தானே, மாதம் ஒரு தொகை வரட்டுமே' என்று பெற்றோர்களே சொல்வதும் உண்டு. மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடிப் பார்வையில்தான் தர வேண்டும் என்பது சட்டம். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் சாப்பிடும் முதியவர் மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டால், டைக்ளோபெனாக் கொடுப்பது உள்ளே இரத்தக் கசிவை உண்டாக்கலாம் என்பது படித்தவருக்குத் தெரியும். விற்பனைக்கு நிற்கும் பையனுக்குத் தெரியாது. மருத்துவம் அறியாதவர் மருந்து கொடுத்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது ஃபிக்ஹு சட்டம். அந்தச் சான்றிதழைத் தந்து இடம் கொடுத்தவரும் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும். 'இந்தக் கடையில் நான் இருக்கிறேன்' என்று அரசுக்கும் நோயாளிக்கும் சொல்லும் பொய்ச் சாட்சி அது.

எனவே சேர்க்கைப் படிவம் நிரப்பும் நாளிலேயே பிள்ளையிடம் இதைப் பேசிவிடுங்கள். கல்லூரி தருவது பட்டம்; அதை நம்பிக் கடைக்கு வரும் நோயாளியின் உயிர் அமானிதம்.