பாண்டிக் கடற்கரையும் நம்ம தென்பெண்ணையும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் யாராவது "ரெண்டு நாள் கடல் பார்த்துட்டு வரோம்" என்றால் பெரும்பாலும் அது பாண்டிச்சேரிதான். காரணம் சாலை. கிருஷ்ணகிரியில் பிரிந்தால் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரே சாலை இழுத்துக்கொண்டு போய்விடும். முன்பு 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்போம். இப்போது திண்டிவனம் வரைக்கும் 77 என்று மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் ஓசூரில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாடு பாண்டியில்.

இந்த வழித்தடம் நேற்று வந்ததல்ல. 1760இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை நெருக்கியபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி உதவி கேட்டது ஹைதர் அலியிடம். ஹைதர் தன் மைத்துனர் மக்தூம் அலியைப் படையோடு அனுப்பினார். அந்தப் படை கடற்கரைக்கு இறங்கியது நம்ம பாராமகால் வழியாகத்தான். உதவிக்குக் கூலியாகப் பிரெஞ்சுக்காரர்கள் தியாகதுருகம் கோட்டையைக் கொடுத்தார்கள். முற்றுகையில் பட்டினி கிடந்த ஊருக்கு இங்கிருந்து போக வேண்டியது சிப்பாய் மட்டுமல்ல, தானியமும் மாடுகளும்கூட. ஆனால் மைசூரில் ஹைதருக்கே ஆபத்து வந்துவிட, மக்தூமைத் திருப்பி அழைத்துக்கொண்டார். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர் கோட்டையை மட்டுமல்ல, ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாம் இப்போது "பழைய பிரெஞ்சுத் தெரு" என்று படம் எடுத்துக்கொள்வதெல்லாம் 1765க்குப் பிறகு திரும்பக் கட்டிய ஊர்.

தை மாதத்தில் வீட்டம்மாவும் நானும் போயிருந்தோம். மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 வரை நடப்பவர்களுக்கே சாலை. முழங்கால் வலிக்காரர்களுக்கும் தோதான இடம். ஒன்றேகால் கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லை. முன்னாள் மேயரும் முதலமைச்சருமான எதுவார் குபேர் பெயர் சாலைக்கு இருந்தாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பீச் ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

நடுவில் காந்தி சிலை. அவரைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களைப் பலர் கவனிப்பதே இல்லை. முதுகைச் சாய்த்துக்கொள்ள மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரே கல். கிட்டே போய்ப் பார்த்தால் வேலைப்பாடு தெரியும். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அது 11 வருடம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே வெங்கடரமணர் கோயிலில் தூண்கள் இல்லாமல் வெறுமையாக இருக்கும் இடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கோயிலின் தூணைப் பெயர்த்து அலங்காரத்துக்கு நட்டதை நான் ரசிக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் கல் உப்புக் காற்றிலும் கரையாமல் நிற்கிறது.

இவ்வளவு பெயர் பெற்ற இந்தத் துறைமுகத்துக்கு நெடுங்காலம் துறையே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் நங்கூரம் போடும். அலை தாண்டிப் போக ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுதான் வேண்டும். ஆணி அடித்த படகு தரை தட்டினால் உடைந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதற்குச் சலங்கு என்று பெயர். டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்ததும் போனதும் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்தக் காலத்தில் கவர்னர் என்றாலும் சரி, துணிமூட்டை என்றாலும் சரி, சலங்கில் நனைந்துதான் வந்து சேர வேண்டும்.

1836இல் கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். அது 1979 வரை எரிந்தது. 1866இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் வந்தது. 1952 புயலில் அது போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தெற்கே கட்டிய கான்கிரீட் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்தது. இந்தக் கரையிலிருந்துதான் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ரெயூனியனுக்கும், மார்த்தினீக்குக்கும், குவாதலூப்புக்கும் போனார்கள். 1853இல் மார்த்தினீக் போன முதல் கப்பலின் பெயர் ஒரெலி. போனவர்களில் திரும்பாதவர்களே அதிகம். கடற்கரையில் பெரிய போருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, 1938இல் திறந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்தச் சனங்களுக்கும் இங்கே ஒரு கல் நட்டிருக்கலாம் என்று எனக்குப் படும்.

ஞாயிறு காலை 5.30க்கே எழுந்து சூரிய உதயம் பார்க்க உட்கார்ந்தோம். உட்கார்ந்தது பாறைமேல். 1970களில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இதே காந்தி சிலைக்கு எதிரே மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன். அந்த மணல் எங்கே போனது?

இந்தக் கரையோரம் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவ அலைகள் அதை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தெற்கே திரும்பும். மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். கரையில் நாம் பார்க்கும் மணல் நின்ற மணல் அல்ல, போய்க்கொண்டிருக்கும் மணல். 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் கட்டி இரண்டு தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவருக்கு அந்தப் பக்கமே குவிந்தது. இந்தப் பக்கம் கடல் இருந்ததையும் அள்ளிக்கொண்டு போனது. தேங்கிய மணலை எடுத்து வடக்கே விட வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தும் அது ஒழுங்காக நடக்கவில்லை. ஊரைக் காப்பாற்றப் பாறை கொட்டினார்கள். பாறை போட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மீனவர் கிராமங்கள் ஒவ்வொன்றாகப் பாறை கேட்டன. படகு இழுத்துப் போட மணல் இல்லாத மீனவருக்கு வீடு இருந்தும் வாசல் இல்லாத மாதிரிதான். தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்கடியில் இரும்புத் திட்டு இறக்கிய பிறகு, 2018 முதல் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஞாயிறன்று குழந்தைகள் எல்லாம் அங்கேதான்.

தெற்கிலிருந்து வரும் மணலில் ஒரு பங்கு ஆறுகள் கொண்டுவருவது. பக்கத்துப் பெரிய ஆறு எது? நம்ம தென்பெண்ணை. நந்திமலையில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஓசூர் கெலவரப்பள்ளியில் ஒரு அணை, கிருஷ்ணகிரியில் ஒரு அணை, சாத்தனூரில் ஒரு அணை தாண்டி, கடலூருக்குப் பக்கத்தில் தாழங்குடாவில் கடலில் சேருகிறது. கடலுக்கு 200 கிலோமீட்டர் தள்ளி, பெண்ணையாற்றங்கரையில் இருக்கும் நம்ம ஊருக்குக் காவேரிப்பட்டணம் என்று பெயர் வைத்தவர் யாரோ! காமராசர் காலத்தில் கட்டிய 52 அடி கிருஷ்ணகிரி அணையால் நிலத்துக்கு நெல் வந்தது, யாரும் மறுக்க முடியாது. ஆனால் அணை தண்ணீரை மட்டும் பிடிப்பதில்லை. ஆறு கொண்டுவரும் வண்டலும் மணலும் அங்கேயே தங்கிவிடுகிறது. அணையின் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று நாம் புகார் சொல்வதும், மணல் போய்விட்டது என்று கடற்கரைக்காரர் புகார் சொல்வதும் ஒரே ஆற்றின் இரண்டு முனை. பாண்டி மணல் போனதற்கு முதல் காரணம் துறைமுகச் சுவர்தான். நம்ம பங்கும் பூஜ்யம் இல்லை.

கெலவரப்பள்ளியில் மழைக்காலத்தில் மலைபோல் எழும் நுரையைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. பெங்களூர் சாக்கடையும் ஆலைக் கழிவும் என்று நாம் எல்லையைக் கை காட்டுகிறோம். கீழே இருப்பவர்கள் நம்மைக் கை காட்டுவார்கள்.

கடலும் ஒரு தடவை நம்மைத் தேடி வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. பாண்டியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வலுவிழந்த பிறகும் அது நாம் பஸ்ஸில் வரும் அதே திசையில் மேற்கே நகர்ந்து, ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நிறுத்திய வேன்களும் கார்களும் உருண்டு போனதை எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். அந்தத் தண்ணீர் சாத்தனூர் போய், அங்கே விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டு, கடலூரை மூழ்கடித்துவிட்டுக் கடலுக்கே திரும்பியது.

ஞாயிறு மத்தியானம் கடலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் தாழங்குடா போனோம். ஆற்று வாயில் மணல்திட்டும் வலை காயும் கரையும். ஒரு மீனவர் எந்த ஊர் என்று கேட்டார். ஓசூர் என்றதும், "டிசம்பர்ல எங்க வீட்டுக்குள்ள வந்தது உங்க தண்ணிதானா?" என்றார் சிரித்துக்கொண்டே. நாலு நாள் கடல் செம்மண் நிறமாக இருந்ததாம்.

போகிறவர்கள் தை 5 ஆற்றுத் திருவிழா நாளாகப் பார்த்துப் போங்கள். கடலூரிலும் பாகூர்ப் பக்கம் சோரியாங்குப்பத்திலும் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் பெண்ணையாற்றுக்கு வந்து தீர்த்தவாரி நடக்கும். கூட்டத்தில் செருப்பு மட்டும் பத்திரம்.