குறியும் குருதியும்

கொல்லிமலை என்றதும் இலக்கிய வாசகர் மனத்தில் முதலில் எழுவோர் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும்தான். கண்டோரைச் சிரித்து மயக்கி உயிர் குடிக்கும் அப்பாவையின் பெயரில் ஒரு சிற்றிதழே வெளிவந்ததை நம்மில் பலர் அறிவர். ஆனால் அம்மலை பாட்டில் மட்டும் இருப்பதன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் 14 நாடுகளாகப் பகுக்கப்பட்ட நிலம் விரிகிறது. அவற்றுள் ஒன்று பெரக்கரை நாடு. மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் மிளகும் காப்பியும் பலாவும் சாமையும் விளைவிக்கும் மலை அது.

அந்நாட்டில் ஒரு பெண்மணி இருப்பதாக எண்ணிக்கொள்வோம். மார்கழிக் காலையில் தண்ணீரில் கை வைத்தால் அவர் விரல்கள் வெளுத்து, பின் நீலம் பாய்ந்து, நெடுநேரம் கழித்தே சிவக்கின்றன. மிளகுக் கொடி ஏறிய மரங்களை நோக்கிச் சரிவில் நடந்தால் மூச்சு வாங்குகிறது. சளி இல்லாத வறட்டு இருமல். நம் நாட்டில் இருமல் நீடித்தால் முதலில் காசநோயை ஐயுறுகிறோம். அவ்வாறு ஐயுறுவது முறையும்கூட. ஆனால் இவருக்குக் கிருமி இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே பகையாகக் கொண்டு தாக்குகிறது. தோல் இறுகுகிறது, நுரையீரலின் மெல்லிய சுவர்கள் தடித்துத் தழும்பேறுகின்றன. முடக்குவாதம், ஸ்க்ளீரோடெர்மா, தசையழற்சி முதலிய தன்னெதிர்ப்பு நோய்கள் நுரையீரலைப் பற்றும் விதம் இதுதான். ஒருமுறை விழுந்த தழும்பு மீள்வதில்லை. ஆகவே அவர் மகள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: “அம்மாவுக்கு இது எதுவரைக்கும் போகும், டாக்டர்?”

இக்கேள்விக்கு உடலின் நீர்மங்களில் விடை தேடிய வரலாறு நெடியது. அதன் ஒரு கிளை நம் மண்ணிலேயே உண்டு. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி முறையில், காலைச் சிறுநீரைக் கலத்தில் ஏந்தி அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விடுவர். துளி பாம்புபோல் நீண்டால் வளி, மோதிரம்போல் வளைந்தால் அழல், முத்துப்போல் நின்றால் ஐயம் என்பர். துளி மூழ்கினால் நோய் தீராது என்பதும் அம்முறையின் கூற்று. அது மெய்யாகவே முன்னறிந்ததா என்பதன்று இங்கு நம் வினா. நோயின் பெயரை அறிவது ஒன்று, நோயின் போக்கை அறிவது வேறொன்று என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. சாத்தியம், அசாத்தியம் என்று நோய்களைப் பிரித்ததும் அத்தெளிவினால்தான்.

ஐரோப்பாவில் இதே வினாவுக்குக் குருதி விடை சொல்லத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1897இல் போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி, குழாயில் நிறுத்திய குருதியில் சிவப்பணுக்கள் படியும் வேகம் நோயுற்றோரிடம் மாறுவதைப் பதிவு செய்தார். 1918இல் சுவீடனின் ராபின் ஃபாரியஸ் கருவுற்ற பெண்களிடம் அதே மாற்றத்தைக் கண்டார். 1921இல் ஆல்ஃப் வெஸ்டர்கிரென் அச்சோதனையை நுரையீரல் காசநோயாளிகளிடம் செய்து முறைப்படுத்தினார். இன்று சிற்றூர் ஆய்வகத்திலும் செய்யப்படும் ஈ.எஸ்.ஆர். சோதனை இதுவே. ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதே கணக்கு. நுரையீரல் நோயின் போக்கைக் குருதியில் படிக்கும் பழக்கம் காசநோயில்தான் வேரூன்றியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்த குறியும் நுரையீரல் நோயிலிருந்தே வந்தது. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் குருதிநீர் அக்கிருமியின் ஒரு பொருளோடு சேர்ந்து வீழ்படிவதைக் கண்டனர். நோய் தணிந்ததும் அவ்வினை மறைந்தது. சி.ஆர்.பி. என நாமறியும் புரதம் அது. இவ்விரண்டும் உடலில் தீ எரிகிறது என்று சொல்லுமேயன்றி, எங்கே எரிகிறது, யார் வைத்த தீ என்று சொல்லா.

வைத்தது யார் என்னும் வினாவுக்கு விடை நெருங்கிய ஆண்டு 1948. லூபஸ் நோயாளிகளிடம் காணும் எல்.ஈ. அணுவை ஹார்கிரேவ்ஸ் குழுவினர் விவரித்தது அவ்வாண்டில். நார்வேயின் எரிக் வாலர் 1940இல் வெளியிட்ட முடக்குவாதக் காரணியை ரோஸ் மீண்டும் கண்டறிந்து நிறுவியது அவ்வாண்டில். முடக்குவாதம் மூட்டோடு நுரையீரலையும் பற்றும் என்று எல்மன், பால் இருவரும் எழுதியதும் அவ்வாண்டிலேயே. கார்ட்டிசோன் முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தப்பட்டதும் 1948 செப்டம்பரில்தான்.

அதன்பின் எதிர்ப்பொருள்கள் ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றன. 1979இல் எஸ்.சி.எல்.-70, 1980இல் சென்ட்ரோமியர் எதிர்ப்பொருள், அதே ஆண்டில் ஒரு நோயாளியின் பெயர் எழுத்துகளைச் சுமந்த ஜோ-1. நம் பெரக்கரைப் பெண்மணியின் குருதியில் எஸ்.சி.எல்.-70 இருந்தால் நுரையீரல் தழும்பேறும் வாய்ப்பு மிகுதி. சென்ட்ரோமியர் எதிர்ப்பொருள் இருந்தால் அவ்வாய்ப்பு குறைவு, ஆனால் நுரையீரல் நாளங்களின் அழுத்தத்தைக் கண்காணிக்க வேண்டும். ஒரே வகை இறுகிய தோல், ஒரே வகை வெளுத்த விரல். குருதியோ இரு வேறு எதிர்காலங்களைச் சொல்கிறது. 2005இல் ஜப்பானில் கண்டறியப்பட்டு, பின்னர் எம்.டி.ஏ.5 எனப் பெயர் பெற்ற எதிர்ப்பொருள் இன்னும் கொடிது. தசை வலிமை ஏறத்தாழக் குன்றாதவரிடமும் சில வாரங்களில் மூச்சைப் பறிக்கவல்ல நுரையீரல் அழற்சியோடு அது தொடர்புடையது. அந்நிலையில் குருதியில் ஃபெரிட்டின் அளவு மிக உயர்ந்தால் மருத்துவர் ஒரு நாளும் தாழ்த்த மாட்டார்.

தழும்பேறும் நுரையீரலே குருதிக்குள் விடும் சுவடு ஒன்றுமுண்டு. ஜப்பானில் கோனோ நொபுஒக்கி குழுவினர் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு குறியைத் தேடினர். அவர்கள் உருவாக்கிய கே.எல்.-6 என்பதன் விரிவே ஜெர்மன் மொழியில் நுரையீரல் புற்று என்பதுதான். ஆனால் 1989இல் வெளியான அவர்கள் ஆய்வு, அது நுரையீரல் இடைத்திசு அழற்சியின் முனைப்பையே காட்டுகிறது என்றது. காற்றறைச் சுவரின் அணுக்கள் சிதைந்து மீளும்போது கசியும் சளிப்புரதம் அது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இந்த வரலாற்றில் பெரும்பாலான குறிகள் அவ்வாறே கிடைத்தவை.

எனினும் எண் என்பது தீர்ப்பன்று. கே.எல்.-6க்கு ஜப்பானில் மில்லிலிட்டருக்கு 500 அலகு எல்லையாகக் கொள்ளப்பட்டது. ஆனால் அப்புரதத்தின் மரபணு மக்களுக்கு மக்கள் வேறுபடுவதால் அதே எல்லை எல்லா நாட்டாருக்கும் பொருந்தாது. ஒருமுறை எடுத்த அளவைவிட மாதங்கள் இடைவிட்டு எடுத்த அளவுகளின் ஏற்ற இறக்கமே மிகுதியாகப் பேசும். அதையும் சி.டி. ஸ்கேன், ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். 2012 முதல் 2015 வரை இந்தியாவின் 27 மையங்களில் பதிவான 1084 இடைத்திசு நுரையீரல் நோயாளிகளுள் 13.9 விழுக்காட்டினருக்குத் தன்னெதிர்ப்பு நோயே காரணமாக இருந்தது. நூற்றுக்குப் பதினால்வர்! அரிய நோய் என்று ஒதுக்கிவிடத்தக்க எண்ணிக்கை அன்று இது.

இனி இவ்வரலாற்றின் சாரத்துக்கு வருவோம். குறி சொல்வது வேறு, வழி சொல்வது வேறு. வழி இல்லாத காலத்தில் குறி என்பது விதியை முன்கூட்டி வாசிப்பதாகவே இருந்தது. 1928இல் தாம்பரத்தில் டேவிட் சவுரி முத்து நிறுவிய சானடோரியத்தின் பெயரை இன்றும் ஒரு ரயில் நிலையம் தாங்கி நிற்கிறது. அக்காலக் காசநோயாளிக்கு மருந்து இல்லை. காற்றும் உணவும் ஓய்வுமே உண்டு. ஈ.எஸ்.ஆர். ஏறினாலும் இறங்கினாலும் மருத்துவர் செய்யக்கூடியது சிறிதே. மருந்து வந்த பின்னர்தான் அதே எண் செயலுக்கான அழைப்பாயிற்று. தன்னெதிர்ப்பு நுரையீரல் நோயிலும் அவ்வாறே. ஸ்க்ளீரோடெர்மா நுரையீரலுக்கு சைக்ளோபாஸ்பமைடு ஓரளவு உதவும் என 2006இல் நிறுவப்பட்டது. மைகோஃபினோலேட் அதற்கு நிகரான பயனைக் குறைந்த துன்பத்தோடு தரும் என 2016இல் தெரிந்தது. நிண்டெடனிப் சிதைவின் வேகத்தைக் குறைக்கும் என்பது 2019. 2020இல் வெளியான டோசிலிசுமாப் ஆய்வில் சேர்வதற்கு சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., தட்டணு எண்ணிக்கை இவற்றுள் ஒன்றேனும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. நூறாண்டுகளுக்கு முன் காசநோயாளியின் விதியை வாசித்த அந்த எளிய கண்ணாடிக் குழாய், இன்று எவர்க்கு எம்மருந்து என்று தேர்வதற்குத் துணைநிற்கிறது.

மீண்டும் பெரக்கரைக்கு ஏறுவோம். அப்பெண்மணிக்குக் காசநோய் மருந்து தரப்பட்டு, குணமில்லாமல் மாதங்கள் கழிந்தால், அம்மாதங்களில் விழுந்த தழும்பை எம்மருந்தும் அழிக்காது. அவர் விரல்கள் வெளுப்பதைக் கேட்டறியவும், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற ஒலியைச் செவிமடுக்கவும் ஆய்வகம் வேண்டியதில்லை. அதன்பின் வேண்டுவது ஒரு குழாய் குருதி. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நோயாளி சானடோரியத்துக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதை 1959இல் உலகுக்கு நிறுவிக் காட்டியது. மருத்துவத்தின் தொலைவை நோயாளியே நடந்து தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்த ஆய்வு அது. அந்த மரபு நம்முடையது. 70 வளைவுகளையும் மூச்சிரைக்கும் ஒருவர் மீண்டும் மீண்டும் இறங்கி ஏறுவதைக் காட்டிலும், குளிர்ப்பெட்டியில் வைத்த அவர் குருதி இறங்குவது எளிது.

தேரையர் மரபினர் கலத்தின்மேல் குனிந்து துளி விரிவதைப் பார்த்தபோது அருகில் நின்ற மகளும் இதையேதான் கேட்டிருப்பாள். நம் காலத்தவர் அவளுக்கு ஒரு படி கூடுதலாகச் சொல்ல முடியும்: எதுவரை போகும் என்பதோடு, எங்கே நிறுத்திப் பார்க்கலாம் என்பதையும். அவ்விடை பெரக்கரை வரை போய்ச் சேரும்போதுதான் இந்த வரலாறு நிறைவெய்தும்.